இடது பக்கம் திரும்பாத மதுரைவீரன்

கண்மாயில் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகிற பாதை, பிள்ளையார் கோவில் முக்கில் இடது பக்கம் திரும்பும். ஊர்ச் சனம் எல்லாம் அந்த முக்குக்கு வந்தால் பேசாமல் திரும்பிப் போகும். மதுரைவீரன் அப்படிப் போகமாட்டான். முக்குக்கு வந்ததும் நிற்பான். பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போடுவான். பிறகு நின்ற இடத்திலேயே வலது பக்கமாக மெல்ல மெல்லச் சுற்ற ஆரம்பிப்பான். முக்கால் சுற்று சுற்றி, வீட்டுப் பாதை மூக்குக்கு நேரே வந்ததும் நடையைக் கட்டுவான்.

"கல்லுடைக்கிற பயலுக்கு எம்புட்டு பக்தி பாரு!" என்று ஊர் மெச்சியது. அவனைப் பார்த்து நாலைந்து பெண்களும் அதே இடத்தில் தங்களைத் தாங்களே சுற்றத் தொடங்கினார்கள். ஒருத்திக்குத் தொலைந்த மாடு கிடைத்துவிட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும்? காலை நேரத்தில் அந்த முக்கில் நின்று சுற்றுவதற்கே ஆள் காத்திருந்தது.

உண்மை பிள்ளையாருக்குத் தெரியும். மதுரைவீரனின் இடது முழங்காலுக்கும் தெரியும்.

நயாபைசா புழக்கத்துக்கு வந்த புதிது அது. போன வருஷம் திருவரங்குளத்துப் பொட்டலில் நடந்த சடுகுடுவில், மூச்சுப் பிடித்து ஓடிப்போய் ஒருவனைத் தொட்டுவிட்டு, இடது காலை ஊன்றி வெடுக்கென்று திரும்பினான் மதுரைவீரன். உள்ளே 'பட்'டென்று ஒரு சத்தம். காய்ந்த புளியங்குச்சி ஒடிகிற மாதிரி அவன் காதுக்கே கேட்டது. பொழுது சாய்வதற்குள் முழங்கால் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. கட்டுப் போடுகிறவர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் வைத்துக் கட்டினார். நாளாக வீக்கம் வடிந்தது, வலியும் போனது. ஆனால் இடது காலை ஊன்றி இடது பக்கம் திரும்பினால் மட்டும், தொடை ஒரு பக்கமும் முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கமுமாக நழுவி, ஆள் பொத்தென்று உட்கார்ந்து போவான்.

யாரிடமும் சொல்லவில்லை. காரணம் இருந்தது. அய்யனார் கோவிலுக்குப் புரவி எடுக்கும்போது, மண்குதிரையை மூங்கில் தண்டில் ஏற்றித் தோளில் சுமப்பார்கள். அதில் முன் தண்டு மதுரைவீரன் குடும்பத்துக்கு உரிமை. முப்பாட்டன், பாட்டன், அப்பன் எல்லாரும் பிடித்த தண்டு. வருஷம் முழுக்க ஜல்லிப் புழுதியைத் தின்றுகொண்டு, கங்காணியிடம் 'ஏலே, வாலே' என்று பேச்சு வாங்குகிறவனை, அந்த ஒருநாள் மட்டும் ஊர் பூராவும் கையெடுத்துக் கும்பிடும். 'கால் சரியில்லை' என்று வாயைத் திறந்தால் தண்டு பங்காளி குழந்தைசாமிக்குப் போய்விடும். அவனோ தண்டுக்கு எண்ணெய் தேய்த்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தான்.

ஆகவே மதுரைவீரன் வேட்டிக்கு உள்ளே முழங்காலில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். இடது பக்கம் என்று ஒரு பக்கம் உலகத்தில் இருப்பதையே மறந்துவிட்டான்.

புரவி எடுப்பும் வந்தது. காப்புக் கட்டியதிலிருந்து ஊருக்குள் கறி, மீன் கவிச்சி கிடையாது. கடுகு தாளிக்கிற வாசம்கூடக் கிடையாது. குயவரான வேளார் வீட்டில் செய்து, சுட்டு, கண் திறந்து வைத்த குதிரை ஆளுயரத்துக்குமேல் நின்றது. கொட்டுச் சத்தத்தோடு தூக்கினார்கள். நேர்ப்பாதையில் மதுரைவீரனின் நடை ராஜநடை. பிள்ளையார் கோவில் முக்கு நெருங்கியதும் பின்னால் இருந்தவர்களிடம் கேட்டான்.

"ஏப்பா, இந்த முக்குல ஒரு சுத்து வலமாச் சுத்திட்டுப் போவமா? சாமிக்கு நல்லது."

"புரவியத் தூக்கிக்கிட்டு ராட்டினமா சுத்துறது? திரும்புய்யா!" என்றான் பின்னால் இருந்த குழந்தைசாமி.

திரும்பினார்கள். எல்லாருடைய காலும் திரும்பியது. மதுரைவீரனின் தொடை திரும்பியது, பாதம் திரும்பவில்லை. அவன் பொத்தென்று உட்கார, முன் தண்டு சரிய, குதிரை தலைகுப்புற விழுந்தது. கழுத்தோடு ஒடிந்த தலை உருண்டு உருண்டு போய் ஊர்த்தலைவரான அம்பலகாரர் காலடியில் மல்லாந்து நின்று, அவரை முறைத்துப் பார்த்தது.

கொட்டு நின்றது. அடுத்த நொடியே குறி சொல்லும் கோடாங்கிக்கு அருள் வந்துவிட்டது.

"சுத்தம் கெட்டுப் போச்சுடா! அடுப்புல வாடைடா! கருவாட்டு வாடைடா!"

முன் தண்டுக்காரன் விழுந்தால் அவன் வீட்டு அடுப்பில்தான் குற்றம் என்பது அந்த ஊர் வழக்கம். ஊர் முழுக்கத் திரும்பி மதுரைவீரன் பெண்டாட்டி உண்ணாமலையைப் பார்த்தது. போதாக்குறைக்கு, "நாலு நாளைக்கு முன்னாடி அவ வீட்டுச் செவுத்துப் பக்கம் கருவாட்டு வாடை அடிச்சுச்சே" என்று பக்கத்து வீட்டுக்காரி வேறு எடுத்துக் கொடுத்தாள். கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டை சைக்கிளில் வைத்து விற்கும் ஹனீபா, டயர் பஞ்சரானதால் வண்டியை அந்தச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். வாடை வந்தது அதிலிருந்துதான். அதை யார் கேட்டார்கள்?

அம்பலகாரர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "வேளார் வேற குதிரை செய்யணும். அது வார வெள்ளிக்கெழம கோவிலுக்கு வரும். அன்னைக்கு உண்ணாமல ஈரச்சேலையோட வந்து, உள்ளங்கையில சூடம் ஏத்தி, 'எங்க அடுப்புல தப்பு நடந்துருச்சு'ன்னு ஒத்துக்கணும். இல்லாட்டி இந்தக் குடும்பத்துக்குத் தண்டும் இல்ல, கோவிலும் இல்ல."

மதுரைவீரன் தரையைப் பார்த்தான். தரையில் அவன் பார்க்க ஒன்றுமில்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் உண்ணாமலை கேட்டாள்.

"ஏய்யா, நீ எதுக்கு விழுந்தே?"

"தடுக்கிருச்சு."

"எதுல?"

"கல்லுல."

"அந்த முக்கு பூராவும் மணலு. காலையில நாந்தான் கூட்டித் தண்ணி தெளிச்சேன்."

"அப்ப மணல்ல."

"மணல்ல தடுக்கி விழுந்தவனை எங்கயாச்சும் பாத்திருக்கியாய்யா?" என்று சொல்லிக்கொண்டே அவன் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கினாள். உள்ளே சிவப்புக் கரை போட்ட துணி ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. அவள் கண்ணை அகல விரித்தாள். "அடப்பாவி மனுசா! இது என் கூறைச்சேலை முந்தியில்ல? ஒன் ஆடு தின்னுருச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட வருசம் பூராச் சண்டை போட்டேனே! அவ ஏன் என் மேல வாடைன்னு சொல்லமாட்டா?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. புளியங்குச்சிச் சத்தத்திலிருந்து பிள்ளையார் பக்தி வரைக்கும் எல்லாவற்றையும் கக்கினான். கேட்டுவிட்டு உண்ணாமலை அழவில்லை.

"ஒன் கால் ஒடைஞ்சதுக்கு என் கையில சூடமா?"

"ரெண்டு நிமிசம் புள்ள. சூடம் சுருக்குன்னுதான் சுடும். தண்டு போச்சுன்னா பரம்பரையே போச்சு."

"ஒனக்கு சுருக்குன்னு. எனக்கு? நாளைக்கு எம்மவளைப் பொண்ணு கேட்டு வாரவன், 'சாமிக்குத் துரோகம் பண்ணுன வீடு'ன்னு முக்குலயே திரும்பிப் போவான். அவன் இடது பக்கமே திரும்பிப் போவான், நல்ல முழங்கால் இருக்கும் அவனுக்கு."

அந்த நேரம் பார்த்து ஹனீபா வந்தான். தன் சைக்கிளால் வந்த பழி அவன் மனசை அரித்துக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் தொடையைத் தட்டினான்.

"மாப்ளே, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு மெட்ராஸ்ல படிச்ச டாக்டர் ஒருத்தர் வந்திருக்காரு. ஞானப்பிரகாசம்னு பேரு. முழங்கால்னா மனுசனுக்கு உசுரு. சந்தையில நல்ல மாடு தேடுவாங்க பாரு, அந்த மாதிரி கெட்ட முழங்காலாத் தேடிக்கிட்டு இருக்காராம். என்னமோ ஆராய்ச்சி பண்றாராம். வா, போவோம்."

"ஊருக்குத் தெரிஞ்சா?"

"கருவாடு வாங்கப் போறேன்னு சொல்லு," என்றான் ஹனீபா. உண்ணாமலை பார்த்த பார்வையில், "சரி சரி, வேணாம்" என்று அவனே சொல்லிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் இன்னாசியம்மாள் முதலில் பிடித்துக்கொண்டாள். "எப்ப அடிபட்டுச்சு?"

"போன வருசங்க."

"போன வருசமா? ஆடிக்காத்துல பறந்த கூரைக்கு அடுத்த ஆடியில கயிறு கேக்குறியா? ஏறிப் படு பெஞ்சுல."

டாக்டர் ஞானப்பிரகாசம் ஒல்லியான மனிதர். முழங்காலை மடக்கி வைக்கச் சொல்லிவிட்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் மதுரைவீரனின் பாதத்தின் மேல் உட்கார்ந்தார். "காலைத் தளர விடுப்பா, கட்டை மாதிரி வச்சுக்காத" என்று ஆடுசதைக்குப் பின்னால் இரண்டு கையையும் கொடுத்து முன்னால் இழுத்தார். மேசை இழுப்பறை மாதிரி, முழங்காலுக்குக் கீழே இருந்த எலும்பு சர்ரென்று முன்னுக்கு வந்தது. தள்ளினார், உள்ளே போனது. இழுத்தார், வந்தது. தன் கால் தனக்கே தெரியாமல் இப்படிப் போக்குவரத்து நடத்துவதைப் பார்த்து மதுரைவீரனுக்கு வாய் பிளந்தது.

"ஆகா! அருமையான முழங்கால்!" என்றார் டாக்டர்.

இதுவரை அவன் உடம்பில் எதையும் யாரும் அருமை என்று சொன்னதில்லை. வெட்கத்தோடு சிரித்தான்.

டாக்டர் மரச்சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து காலை அதில் பூட்டினார். புளி நிறுக்கிற வில் தராசு ஒன்றை அதில் மாட்டி, எவ்வளவு பாரத்துக்கு எலும்பு எவ்வளவு தூரம் வருகிறது என்று அளந்தார். நல்ல காலையும் அதேபோல் அளந்தார். அது அசையவே இல்லை.

"முழங்காலுக்குள்ள ரெண்டு கயிறு குறுக்கும் நெடுக்குமா இருக்குப்பா. தொடை எலும்பையும் கீழ் எலும்பையும் சேர்த்துப் பிடிக்கிற தசைநார். அதுல முன்கயிறு ஒனக்கு அறுந்துபோச்சு. நீ கேட்டியே 'பட்'டுன்னு, அதுதான் அது. வீக்கம் வத்துனா கயிறு ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சுக்கிட்டே. அது தானா ஒட்டாது."

"நேரா நடந்தா ஒன்னும் தெரியலியே சாமி?"

"கடையாணி கழன்ட மாட்டுவண்டி பாத்திருக்கியா? நேர்ரோட்டுல கொஞ்ச தூரம் பேசாமப் போகும். திருப்பத்துலதான் சக்கரம் தனியா, வண்டி தனியாப் போகும்."

உண்ணாமலை முன்னால் வந்தாள். "அப்ப, இவரு விழுந்ததுக்கும் அடுப்புக்கும் சம்பந்தம் இல்லீங்களே?"

"எந்த அடுப்பு?"

சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னாசியம்மாள் மதுரைவீரனைப் பார்த்த பார்வையில், அவன் நல்ல முழங்காலும் ஆட ஆரம்பித்தது.

"இதைச் சரிபண்ண முடியுங்களா?" என்று கேட்டாள் உண்ணாமலை.

"தொடையோட வெளிப்பக்கத்துல வெள்ளைப் பட்டை ஒன்னு நீளமா ஓடுது. அதுல ஒரு துண்டு எடுத்து, ரெண்டு எலும்புலயும் துளை போட்டு, அது வழியா விட்டு இழுத்துக் கட்டலாம்."

"தென்னமட்டையில நார் உரிச்சு, அதுலயே கயிறு திரிச்சு, அதே மட்டையைக் கட்டுற மாதிரி," என்று அவள் தலையாட்டினாள்.

மதுரைவீரன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டான். "துளை போடுவீங்களா? நாங்க துளை போட்டா அடுத்தது மருந்து கெட்டிச்சு வெடி வைப்பமுங்க! இந்த வேலை எனக்குத் தெரியும், ஆளை விடுங்க!"

"ஓடு, ஓடு," என்றாள் இன்னாசியம்மாள். "வாசல் இடது பக்கம் இருக்கு."

அவன் மறுபடி படுத்துக்கொண்டான்.

"எல்லாம் பண்ணுனா நான் புரவி தூக்கலாங்களா?" என்று கடைசியாகக் கேட்டான்.

டாக்டர் பொய் சொல்லவில்லை. "தெரியாதுப்பா. சிலருக்கு நல்லா வந்திருக்கு. சிலருக்குக் கட்டுன கயிறும் தளர்ந்திருக்கு. ஏன்னு கண்டுபிடிக்கத்தான் இந்தச் சட்டமும் தராசும். கல்லுடைக்கலாம், திரும்பி நடக்கலாம். புரவிக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்."

"நீங்க ஊருக்கு வந்து இதைச் சொல்லுவீங்களா?" என்றாள் உண்ணாமலை.

"கோட்டுப் போட்டவன் சொன்னா, 'சாமி விசயம் இவனுக்கு என்ன தெரியும்'பாங்கம்மா. முழங்கால் யாருடையதோ அவருதான் சொல்லணும்."

ஊருக்குத் திரும்பியதும் மதுரைவீரன் வழக்கம்போல் முக்கில் நின்று வலது பக்கமாகவே சுற்றினான்.

வெள்ளிக்கிழமை புதுக்குதிரை வந்தது. குழந்தைசாமிதான் முன் தண்டு. முக்கில் அழகாகத் திரும்பினான். பாவி, அந்தத் திருப்பத்தில் ஒரு ஒயில்கூட இருந்தது. கோவில் முன்னால் ஊர் கூடியது. உண்ணாமலை ஈரச்சேலையோடு நின்றாள். கோடாங்கி அவள் உள்ளங்கையில் வெற்றிலை வைத்து, அதன்மேல் சூடத்தை வைத்தார். அம்பலகாரர் தீப்பெட்டியை எடுத்தார்.

மதுரைவீரன் வலது பக்கம் நின்றிருந்தான். உண்ணாமலை அவனை ஒரு தடவை பார்த்தாள். கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. 'இவன் இவ்வளவுதான்' என்று முடிவு கட்டிவிட்ட பார்வை. கங்காணியின் வசவுகூட அவனை அப்படிச் சுட்டதில்லை.

தீக்குச்சி உரசிய சத்தம் கேட்டது.

"நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தான். அவள் நின்றது இடது பக்கம். பாய்ந்த வேகத்தில் பிள்ளையார் சுற்று மறந்துபோனது. முழங்கால் நழுவியது. மதுரைவீரன் நேராக அம்பலகாரர் வயிற்றில் விழ, அம்பலகாரர் கோடாங்கி மேல் விழ, தீப்பெட்டி தீர்த்தச் செம்புக்குள் விழுந்தது.

"சுத்தம் கெட்டுப்…" என்று கோடாங்கி படுத்தவாக்கிலேயே அருளுக்குத் தயாரானார்.

"சும்மா இருங்க மாமா! முதல்ல என் பாதத்து மேல ஒக்காருங்க!" என்று மதுரைவீரன் தரையிலேயே முழங்காலை மடக்கி வைத்தான்.

"என்னடா சொல்ற?"

"ஒக்காருங்கங்கிறேன்! ரெண்டு கையையும் பின்னால குடுத்து இழுங்க!"

என்ன ஏதென்று புரியாமல் கோடாங்கி உட்கார்ந்தார், இழுத்தார். எலும்பு சர்ரென்று முன்னுக்கு வந்தது.

"ஆத்தாடீ! காலு கையோட வருதுடா!" என்று அலறிக்கொண்டு கோடாங்கி எழுந்து ஓடி, குதிரைக்குப் பின்னால் போய் நின்றார்.

ஊர் மொத்தமும் குனிந்து பார்த்தது. மதுரைவீரன் உட்கார்ந்தபடியே சொன்னான்.

"போன வருசம் சடுகுடுல உள்கயிறு அறுந்துபோச்சு. தண்டு போயிருமேன்னு மறைச்சேன். நான் புள்ளையார் முக்குல சுத்துனது பக்தியில்ல, இடது பக்கம் திரும்ப முடியாம. குதிரை விழுந்தது என் முழங்காலால. எம்பொண்டாட்டி அடுப்புல ஒரு குத்தமும் இல்ல. அவ கையில சூடம் ஏறப் பாத்துக்கிட்டு நின்னேன் பாருங்க, குத்தம்னா அதுதான் குத்தம். தண்டைக் குழந்தைசாமி வச்சுக்கட்டும்."

பிள்ளையார் முக்கில் சுற்றிய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்பலகாரர் மண்ணைத் தட்டிக்கொண்டே விடாப்பிடியாகக் கேட்டார்: "அப்ப அந்தக் கருவாட்டு வாடை?"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஹனீபா தொண்டையைக் கனைத்தான். "அம்பலகாரரே, காப்புக் கட்டுன வாரத்துல எந்தெந்த வீட்டுப் பொழக்கடை வழியா கருவாடு குடுத்தேன்னு சொல்லவா? மொதல்ல கோடாங்கி வீட்டுல இருந்து…"

"வேணாம், வேணாம்! சாமி காரியத்துல வியாபாரம் என்னத்துக்கு?" என்று அம்பலகாரர் அவசரமாகக் கையை உதறினார். கோடாங்கி குதிரைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை.

உண்ணாமலை கையிலிருந்த சூடத்தை வெற்றிலையோடு அம்பலகாரர் கையில் வைத்துவிட்டு, வீட்டுக்கு நடந்தாள்.

மறுவாரம் மதுரைவீரன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது, பஸ்ஸுக்குத் துணையாக அம்பலகாரரும் வந்தார். "தொணைக்குத்தான்" என்றார். அவருக்குக் குடலிறக்கம் இருந்தது ஊரில் யாருக்கும் தெரியாது. காலை அகட்டி வைத்து மெல்ல நடப்பதைக் கம்பீரம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கோடாங்கியும் ஏறினார். அருள் வந்தால் உட்காராமல் நின்றே ஆடுவது அவர் பெருமை, காரணம் மூலநோய். வழி நெடுக ஆட்கள் ஏறினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

வாசலில் நின்ற இன்னாசியம்மாள், "என்னய்யா, காப்புக் கட்டிட்டா வந்திருக்கீங்க?" என்றாள்.

ஆப்பரேஷன் முடிந்து, மாவுக்கட்டில் கிடந்து, அதைப் பிரித்த பிறகு குச்சி மாதிரி இளைத்துப்போன தொடையோடு நடை பழகினான் மதுரைவீரன். டாக்டர் மறுபடி வில் தராசு போட்டு இழுத்துப் பார்த்தார். எலும்பு கொஞ்சம் வந்தது, முன்னைப்போல் இல்லை. "நல்ல காலு மாதிரி இல்ல, ஆனா நல்லா இருக்கு" என்றார். அடுத்த புரவி எடுப்பில் குழந்தைசாமி தண்டு பிடிக்க, மதுரைவீரன் சாமிக்குடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தான். நெஞ்சு கொஞ்சம் வலித்தது. முழங்கால் வலிக்கவில்லை.

பிள்ளையார் முக்கு வந்தது. இடது காலை ஊன்றி, இடது பக்கம், சும்மா திரும்பினான். அங்கே இரண்டு பெண்கள் இன்னமும் தங்களைத் தாங்களே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்ணே, இன்னைக்கு நீங்க சுத்தலியா?" என்றாள் ஒருத்தி.

மதுரைவீரன் பதில் சொல்வதற்குள், பின்னால் பூத்தட்டோடு வந்த உண்ணாமலை சொன்னாள்:

"அவரு சுத்துன சுத்துல குதிரைக்குத் தலை போச்சு, எனக்குக் கை போகப் பாத்துச்சு. நோவை மறைக்கிறவனை ஊரு வீரன்னு கும்பிடும். ஆனா அவன் மறைச்ச நோவுக்கு வீட்டுல ஒருத்திதான் பழி சொமக்கணும். சாமியக் கும்பிடணும்னா கும்பிடுங்க தாயி. காலு நொந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரெண்டையும் ஒன்னாப் போட்டுக் கொழப்பாதீங்க."

சொல்லிவிட்டு, அவளும் இடது பக்கம் திரும்பி நடந்தாள்.